ஓடாமல் நிற்கும் பழைய ஹோண்டா சிட்டி விடெக்கை வாங்கலாமா?

வேப்பமரத்தடியில் நான்கு டயரிலும் காற்றிறங்கி, கண்ணாடி முழுக்கத் தூசியோடு ஒரு பழைய சிட்டி நிற்கும். பின்னால் விடெக் என்ற எழுத்து இருக்கும். விசாரித்தால் "பேட்டரி மட்டும்தான் சார் போயிருக்கு, மாத்தினா ஓடிடும்" என்பார்கள். விலையைக் கேட்டால் ஒரு நல்ல பைக் விலையைவிடக் குறைவாக இருக்கும். அன்றைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ராத்திரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த வண்டி என்பதைத் தெளிவாக்கிவிடலாம். ஹோண்டா சிட்டி முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தது 1998-இல். 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என்று இரண்டு எஞ்சின்கள், 1.5-க்கு 100 குதிரைத்திறன். 2000-இல் முகத்தை மாற்றியபோது 106 குதிரைத்திறன் கொண்ட 1.5 விடெக் சேர்ந்தது (விடெக் என்பது எஞ்சின் வேகத்துக்கேற்ப வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டாவின் நுட்பம்). 2003 கடைசியில் அடுத்த தலைமுறை வந்தபோது அதற்கு 77 குதிரைத்திறன்தான், அதனால்தான் பழசைத் தேடும் கூட்டம் இன்றுவரை ஓயவில்லை. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, ஆர்.பி.எம். ஏற ஏற உற்சாகமாகும் எஞ்சின், தாழ்வாக உட்கார வைக்கும் சீட். நிஜமான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் பழையதாக, மலிவாக நம் ஊரில் எங்கே கிடைக்கிறது? நமக்கு அந்த இடத்தில் இருப்பது இதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்பது இந்த வண்டியின் பெரிய பிரச்சினை இல்லை. எஞ்சினை எப்படியும் சரிபண்ணலாம், வேறு எஞ்சின்கூடப் போடலாம். பேப்பர் கெட்டுப்போன வண்டியையும் பாடி அரித்துப்போன வண்டியையும்தான் காப்பாற்ற முடியாது. புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆர்.சி. புக்கை அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பார்கள்.

வண்டியைப் பார்க்கும் முன்பு: எதற்காக?

தினமும் ஆபீஸுக்குப் போக உங்களிடம் வேறு வண்டி இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடாத வண்டி ஓட ஆறு மாதம் ஆகும், சில சமயம் ஒன்றரை வருஷம் ஆகும். அந்த அவசரத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் காசைத் தின்னும். நிறுத்த நிழலான, சொந்தமான இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அபார்ட்மெண்டில் இருக்கிற ஒரே பார்க்கிங்கில் நான்கு சக்கரமும் கழற்றிய காரை எட்டு மாதம் வைத்திருக்க அசோசியேஷன் விடுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், என்ன மாதிரி வண்டி வேண்டும்? ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் ஓட்ட ஒரு நல்ல ஒரிஜினல் வண்டியா, கொஞ்சம் மாற்றங்கள் செய்த சாலை வண்டியா, இல்லை இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ மட்டும் ஓட்டும் டிராக் வண்டியா? மூன்றுக்கும் பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு. டிராக் வண்டிக்கு உள்ளே சீட்டும் ரூஃப் துணியும் இல்லாவிட்டால் கவலையில்லை, பேப்பர்கூட அவ்வளவு முக்கியமில்லை. சாலை வண்டிக்கு இவை எல்லாம் பணம்.

முதல் படி: வண்டி நம்பரை மட்டும் வாங்குங்கள்

போட்டோ வேண்டாம், நம்பர் போதும். அரசின் எம்-பரிவாகன் ஆப்பிலோ வாகன் தளத்திலோ போட்டுப் பாருங்கள். ஆர்.சி. எதுவரை செல்லும், இப்போது எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு இருக்கிறதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்பதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2001 வண்டி என்றால் 2016-இல் முதல் முறை, 2021-இல் இரண்டாவது முறை. நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்காது. 2022 ஏப்ரலில் பழைய கார்களின் புதுப்பித்தல் கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று மத்திய விதியில் இருக்கிறது, நான்கு வருஷம் என்றால் அதுவே 24,000. இதற்கு மேல் பசுமை வரி. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த நம்பரைச் சொல்லி மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும், பெயர் மாற்றம் முதலிலா புதுப்பித்தல் முதலிலா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரை நாள் போகும், போகட்டும். இன்னொன்று, புதுப்பிக்க வண்டி ஓடி வந்து பரிசோதனைக்கு நிற்க வேண்டும். அதாவது உங்கள் காசு முழுக்க உள்ளே போன பிறகுதான் அந்த வண்டி சட்டப்படி உங்களுக்கு உபயோகப்படுமா என்பதே முடிவாகும்.

உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா? கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். இறந்திருந்தால் முதலில் வாரிசு ஒருவர் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றி, அப்புறம்தான் உங்களுக்கு விற்க முடியும். என் நண்பர் ஒருவர் 30,000 ரூபாய்க்கு ஒரு சிட்டி வாங்கினார். பாடி அப்படி ஒரு சுத்தம், எஞ்சின் இரண்டு வாரத்தில் ஓடிவிட்டது. ஆனால் உரிமையாளர் காலமாகி ஏழு வருஷம், நான்கு வாரிசுகள், அதில் ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் மற்ற மூவரோடு பேசுவதே இல்லை. இரண்டு வருஷம் தார்ப்பாய் போட்டு வைத்திருந்துவிட்டுக் கடைசியில் பாகம் பாகமாகக் கழற்றி விற்றார். அந்த வண்டியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கடன் பதிவையும் விடாதீர்கள். 2001-இல் கடன் வாங்கி, 2005-இல் அடைத்து, ஆர்.சி.யில் மட்டும் நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ இன்று அந்தப் பெயரிலேயே இல்லாமல் வேறொன்றோடு இணைந்திருக்கலாம். கடன் பதிவை நீக்கும் படிவம் 35-இல் கையெழுத்து வாங்கித் தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு. அதை வாங்கிவந்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். டெல்லிப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஆர்.சி.யில் கியூபிக் கெப்பாசிட்டியையும் (எஞ்சின் எத்தனை சி.சி. என்பதை) பாருங்கள். 1.5 என்றால் 1493, 1.3 என்றால் 1343. பின்னால் விடெக் என்று எழுத்து ஒட்டுவது பெரிய வேலை இல்லையே. விடெக்கா சாதாரண 1.5-ஆ என்பதை எஞ்சினைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்: விடெக்கில் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் ஒயரோடு ஒரு சோலினாய்டு வால்வு இருக்கும், மற்றதில் இருக்காது.

இரண்டாம் படி: குனிந்து பாருங்கள்

பேப்பர் சரி என்றால் மட்டும் நேரில் போங்கள். பகலில், மழை இல்லாத நாளில் போங்கள். ஒரு டார்ச், சின்னக் காந்தம், ஸ்க்ரூடிரைவர், படுத்துப் பார்க்கப் பழைய பாய், கையில் கொண்டுபோகக்கூடிய ஒரு பேட்டரி, ஜம்பர் கேபிள், ஒரு மல்ட்டிமீட்டர், பிளக் ஸ்பானர், ராட்செட், கொஞ்சம் எஞ்சின் ஆயில் இருந்தால் போதும்.

இந்தக் காரில் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். தகரம் அரித்துப்போனால் வண்டியே போனது. பின் சக்கரத்தின் மேல் வளைவு, கதவுகளின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் சில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, பேட்டரி தட்டுக்கு அடியில், முன் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் மேல் முனை ஆகிய இடங்களைத் தொட்டும் தட்டியும் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி இருக்கிறது. கதவில் கொஞ்சம் பட்டி என்றால் பரவாயில்லை. சில்லில் பட்டி என்றால் அங்கே ஓட்டையை மூடியிருக்கிறார்கள். கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் தூக்குங்கள். மரத்தடியில் நின்ற வண்டியில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை மக்கி, தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கும். கடற்கரை ஓரத்தில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் நான் அடிப்பாகத்தைப் பார்க்கும்வரை விலையே பேசமாட்டேன்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டின் தண்டவாளங்களும் போல்ட்டுகளும் மட்டும் துருப்பிடித்து மற்றதெல்லாம் பளபளவென்றிருந்தால் அதுவும் ஒரு அடையாளம். மூழ்கிய வண்டியின் ஒயரிங் இன்று வேலை செய்து நாளைக்கு நிற்கும், எந்த மெக்கானிக்காலும் நிம்மதி தர முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

கூடவே ஒரு விஷயம், பலர் இதைப் பார்ப்பதே இல்லை: ஹெட்லைட், பின்விளக்கு, பம்பர், கதவு ரப்பர், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கண்ணாடிகள். பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர் எல்லாம் இன்றைக்கும் சிரமமில்லாமல் கிடைக்கும். ஆனால் 20 வருஷத்துக்கு முந்தைய ஒரு பின்விளக்கை உடையாமல், மங்காமல் தேடிப்பிடிப்பது எஞ்சின் தேடுவதைவிடக் கஷ்டம். எஞ்சின் செத்து, பாகங்கள் முழுசாக இருக்கும் வண்டி நல்லது. எஞ்சின் ஓடி, பாகங்கள் காணாமல் போன வண்டியோடு நீங்கள் வருஷக்கணக்கில் அலைவீர்கள்.

மூன்றாம் படி: எஞ்சின், ஆனால் செல்ஃப் அடிக்காமல்

"இதோ பாருங்க, ஸ்டார்ட் ஆகிற மாதிரி வருது" என்று விற்பவர் செல்ஃப் அடிக்கப் போவார். தடுத்துவிடுங்கள். பல வருஷம் நின்ற எஞ்சினில் ஆயில் எல்லாம் கீழே வடிந்து சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் வயதாகி வெடித்திருக்கும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், வால்வு வளையும். ஒரே ஒரு செல்ஃபில் நல்ல எஞ்சின், ஹெட்டைக் கழற்றி இறக்கும் வேலையாக மாறிவிடும்.

அதனால் முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சாதாரணம், காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆயில் மிதக்கிறதா, துருத் தண்ணீரா, வெறும் பைப் தண்ணீரா என்று பாருங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து கிராங்க் புல்லியின் போல்ட்டில் ராட்செட் வைத்துக் கையால் சுற்றுங்கள். இந்த ஹோண்டா எஞ்சின்கள் மற்றவை மாதிரி இல்லை, புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். தெரியாமல் மறுபக்கம் சுற்றாதீர்கள். சுற்றும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கிராங்க் சுற்றும்போது உள்ளே கேமும் ராக்கரும் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்துதான் வண்டி நின்றிருக்கிறது. கிராங்க் அசையவே மறுத்தால் எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கை சுற்றில் தடை எதுவும் இல்லை, கேம் அசைகிறது என்றால் அது நல்ல சேதி. இப்போது நீங்கள் கொண்டுபோன பேட்டரியை மாட்டி, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்து இரண்டு விநாடியில் அணைய வேண்டும். அதே இரண்டு விநாடி பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்பின் 'ம்ம்' சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வரவில்லையா? சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் அந்தக் காலத்து ஹோண்டாக்களில் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயின் உள்ளே சால்டரிங் வெயிலில் விரிசல் விடுவது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. காலையில் ஸ்டார்ட் ஆகும், மத்தியானம் வெயிலில் நிறுத்தினால் ஆகாது. ரிலேயைத் திறந்து மறுபடி சால்டர் வைத்தால் வேலை முடிந்தது. பம்ப் ஓடியும் பிளக்கில் பொறி வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டர் அல்லது காயில். இதுவும் அரை நாள் வேலை. விற்பவருக்கு இந்த விஷயங்கள் தெரிந்திருந்தால் வண்டி அந்த விலையில் உங்களிடம் வந்திருக்காது.

விற்பவர் பொறுமைசாலியாக இருந்தால், பெல்ட்டும் பார்க்க நன்றாக இருந்தால், கம்ப்ரஷன் மீட்டர் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் காட்டும் கருவி) வைத்து அளக்கக் கேளுங்கள். நல்ல எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 185 பி.எஸ்.ஐ. பக்கத்தில் காட்டும். 135-க்குக் கீழே போகக்கூடாது. ஒன்றுக்கொன்று 28-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் மூன்று சிலிண்டர் 170, ஒன்று 60. அதில் விற்பவருக்குப் பாதி விலைக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பெட்ரோல் டேங்கையும் மறக்க வேண்டாம். மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாசனை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. அதனால் டேங்கிலிருந்து எஞ்சின்வரை எல்லா பெட்ரோல் ஹோஸையும் மாற்றுவதாகவே கணக்கு வையுங்கள். பெட்ரோல் கசிந்து எஞ்சின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: கணக்கு

எவ்வளவு நல்ல சோதனை செய்திருந்தாலும், எஞ்சின் செத்துவிட்டது என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும். பிழைத்திருந்தால் அது லாபம். பிழைத்திருக்கும் என்று நம்பி விலை கொடுத்தால், ஏமாந்தபோது அந்த நஷ்டத்தைத் தாங்கப் பணம் இருக்காது.

ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டி விலை, ரெக்கவரி வண்டி வாடகை, ஆர்.டி.ஓ. செலவு. டைமிங் பெல்ட், அதனோடு சுற்றும் வாட்டர் பம்ப், டென்ஷனர், ஆயில் சீல்கள். ரேடியேட்டர், எல்லா ஹோஸும். பேட்டரி, நான்கு டயர். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம், அதைப் பாருங்கள். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், முன் கேலிப்பர், பின் வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாமே வரும், ஏனென்றால் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரம் பிடித்து உள்ளே அரித்திருக்கும். கிளட்ச். சஸ்பென்ஷன் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள். எலி கடித்த ஒயரிங். கடைசியில் டிங்கரிங், பெயிண்ட், ஏசி. எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, வரும் தொகையை அதே மாடலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். வாங்கியது 55,000. ஓட வைக்க 1,40,000. டிங்கரிங், பெயிண்ட் 90,000. மொத்தம் 2,85,000 ஆனது. அப்போது அதே வருஷத்து ஓடும் வண்டி ஒன்றை 2,20,000-க்கு விட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்கு வருத்தமில்லை, ஒவ்வொரு போல்ட்டும் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்த வேலையே எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் காசு மிச்சமாகும் என்று யாராவது இதில் இறங்கினால் கையைப் பிடித்து நிறுத்துவேன். வேலை செய்யப் பிடிக்கும் என்றால் ஓடாததை வாங்குங்கள். ஓட்டத்தான் பிடிக்கும் என்றால் இன்னும் ஆறு மாதம் சேர்த்து ஓடுவதையே வாங்குங்கள்.

பாகங்களுக்குச் சென்னையில் புதுசு என்றால் ஜி.பி. ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. கோவைக்காரர்களுக்கு உக்கடம். பழைய எஞ்சின் வாங்கினால் எஞ்சின் நம்பர் எழுதிய பில் கட்டாயம் வேண்டும். பில் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் கடையில் நின்றுகொண்டே அதன் கம்ப்ரஷனையும் ஆயிலையும் பாருங்கள், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

மாற்றம் செய்வது பற்றி

இதில் சட்டத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்று வைத்தார்கள். அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம், நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வேறு பெரிய எஞ்சின், டர்போ, அறுத்த பாடி எல்லாம் சாலைக்கு ஆகாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். அடிபட்டது இன்னொரு குடும்பத்துக்காரர் என்றால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆசை உண்மையிலேயே இருந்தால் வண்டியை டிராக்குக்கு என்றே ஒதுக்கி, ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சாலை வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் வண்டியை முழுக்க ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவந்து குறைந்தது 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதற்கு முன் எதையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒரு சத்தம் வந்தால் அது பழைய நோயா, நீங்கள் மாட்டிய புதுப் பாகமா என்று கண்டுபிடிக்க முடியாது. 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு நல்ல டயர், நல்ல பேட், புது பிரேக் ஆயில். இந்தக் காருக்குப் பின்னால் டிரம் பிரேக்தான், அதைச் சரியாக அட்ஜஸ்ட் செய்து வைத்தாலே நிற்பதில் வித்தியாசம் தெரியும். அப்புறம் புது புஷ், ஷாக். இவ்வளவும் செய்த ஒரு சிட்டியை ஓட்டிப் பார்த்தால் பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே தாழ்வான வண்டி, நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் ஆயில் சம்ப் உரசும். வெளியில் கிடைக்கும் சத்தமான சைலன்சரால் வண்டி வேகமாவதும் இல்லை.

வாங்கும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து, விற்பவரின் அடையாள அட்டை நகல், தேதியோடு நேரமும் எழுதிய டெலிவரி ரசீது, ஒரிஜினல் ஆர்.சி., எல்லாச் சாவியும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். "முதலில் எடுத்துட்டுப் போங்க தம்பி, பேப்பர் அடுத்த வாரம்" என்றால் வண்டியும் அடுத்த வாரமே வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம், பிரேக்கே இல்லாத வண்டி அது, மேலே ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆசை உந்தும், ஆனால் அன்றைக்கே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெல்ட், வாட்டர் பம்ப் புதுசு போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேங்கைக் கழுவி, ஹோஸ் மாற்றிய பிறகு, பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டைகளில் ஆயில் விட்டு, மெயின் ரிலேயையும் டிஸ்ட்ரிபியூட்டர் கனெக்டரையும் பிடுங்கிவிட்டு, ஐந்து ஐந்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை அடியுங்கள், நடுவில் செல்ஃப் மோட்டார் ஆற ஒரு நிமிஷம் விடுங்கள். விளக்கு அணைந்த பிறகு பிளக்கை மாட்டி, கழற்றியதையெல்லாம் சேர்த்து, பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றை வைத்து, சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும்வரை காத்திருங்கள். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பியதும் நீலம் கலந்த புகை கொஞ்சம் வரும், அது நீங்கள் விட்ட ஆயில் எரிவது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், அது தானாக நிதானத்துக்கு வரும்வரை வெப்ப முள்ளையும் ஆயில் விளக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.